படையெடுப்புக்கும் பெயர்சூட்டு விழா

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. எங்கள் இரயில்வே குடியிருப்பை அடுத்துள்ள லெவல் கிராசிங் கேட்டருகே மூத்த மகனுடன் நின்றுகொண்டிருந்தேன். கேட் அடைத்து நெடுநேரம் ஆகியிருந்தது. கடைசியில் ஒரு மிலிட்டரி ஸ்பெஷல் மெல்ல ஊர்ந்து வந்தது. தட்டை வேகன்களின்மேல் வரிசை வரிசையாகப் பெரிய பெரிய உருவங்கள். ஒவ்வொன்றையும் தார்ப்பாய் போர்த்திக் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தார்கள். "அப்பா, உள்ளே என்ன?" என்றான் பையன். அவனுக்கு வயது எட்டு. தகப்பன் கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பதால், இரயிலில் போகும் பொருள் எதுவாயினும் அவனுக்குத் தெரிந்திருக்கும் என்பது பிள்ளையின் நம்பிக்கை. தெரிந்தாலும் சொல்லக் கூடாத சரக்குகளும் உலகில் உண்டு என்பதை அந்த வயதில் எப்படி விளக்குவது? "தண்ணீர்த் தொட்டி" என்று சொல்லிவைத்தேன். அவன் நம்பவில்லை. "தண்ணீர்த் தொட்டிக்குத் துப்பாக்கிச் சிப்பாய் எதற்கப்பா காவல்?" என்று திருப்பிக் கேட்டான்.

வீடு திரும்பிய பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் சொன்ன பொய் என் சொந்தச் சரக்கு அன்று. அது நூறாண்டுக்கு மேற்பட்ட பழைமை உடையது. ஓர் அரசாங்கமே கூடி யோசித்துச் சொன்ன பொய்!

முதல் உலக யுத்தத்தின்போது, 1915ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் பிரிட்டிஷார் ஒரு புதிய யுத்த வண்டியை இரகசியமாகச் செய்துவந்தனர். இரும்புக் கவசம் பூண்டு, சங்கிலிப் பட்டையின்மேல் உருண்டு, பதுங்குகுழிகளைத் தாண்டிச் செல்லும் வண்டி அது. அதற்கு அவர்கள் முதலில் இட்ட பெயர் 'தரைக்கப்பல்'. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பொருள் இன்னதென்று பகைவனுக்கு விளங்கிவிடும் அன்றோ? ஆகவே வேறு பெயர் தேடினார்கள். தகடு தகடாக இரும்பை அடித்துப் பெட்டிபோல் செய்கிறார்களே, இது என்ன என்று தொழிலாளர் கேட்டால், மெசபொடேமியாப் பாலைவனத்துப் படைகளுக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் வண்டி என்று சொல்லிவைத்தார்கள். ஆனால் 'வாட்டர் கேரியர்' என்ற அப்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'டபிள்யூ. சி.' என்றாகிக் கழிப்பறையைக் குறிக்கும். அந்தப் பெயரைத் தாங்கிய கமிட்டியில் உட்கார எந்தக் கனவான் உடன்படுவார்? முடிவில் ஸ்விண்டன் என்ற படை அதிகாரியும் அவருடைய தோழரும் 'டாங்க்' என்ற சொல்லைத் தேர்ந்தார்கள். தார்ப்பாய் போர்த்து இரயிலேற்றப்பட்ட வண்டிகள் சிலவற்றின்மீது, 'பெத்ரோகிராதுக்கு, கவனமாகக் கையாளவும்' என்று ருஷ்ய எழுத்தில் எழுதியும் அனுப்பினார்களாம். அந்த லேபிளை நம்பி ரசீது போட்ட குமாஸ்தா எவனோ! அவன்மேல் எனக்கு ஒரு தனிப் பரிவு உண்டு.

1916 செப்டம்பர் 15ஆம் நாள், பிரான்ஸ் தேசத்துச் சோம் போர்க்களத்தில் அவ்வண்டிகள் முதன்முதலாகப் பகைவர் கண்ணில் பட்டன. இரகசியம் அன்றோடு முடிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நம் மொழிக்கு அது டாங்கியாக வந்து சேர்ந்தது. நம் வீட்டு மொட்டை மாடியிலோ டாங்க் என்றால் இன்றும் தண்ணீர்தான். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த ஆங்கிலச் சொல்லே குஜராத்தி, மராத்தி முதலிய நம் தேசத்து மொழிகளிலிருந்து கடல் கடந்து போனது என்று அகராதிக்காரர் சிலர் கருதுகின்றனர். அப்படியானால், இங்கிருந்து நீராகப் போனது அங்கிருந்து நெருப்பாகத் திரும்பியது என்றுதான் சொல்ல வேண்டும்.

நிற்க. மறைப்பதற்காக ஒரு பெயர் வைக்கிறோம் என்றால், அப்பெயருக்கும் பொருளுக்கும் யாதொரு சம்பந்தமும் இருத்தலாகாது. இதுவே இக்கலையின் அரிச்சுவடி. எங்கள் இரயில்வேயில் நிலையங்களுக்குக் குறியெழுத்துகள் உண்டு. மதராஸ் சென்னையாகி, சென்ட்ரல் நிலையத்தின் பெயரும் மாறிவிட்டது. எங்கள் ஏட்டில் மட்டும் அது இன்னும் எம். ஏ. எஸ். தான். இது சுருக்கத்துக்காக ஏற்பட்ட குறி. இதைப் பார்த்தவன் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம், கண்டுபிடிக்கவும் வேண்டும். படைக்காரர் குறியோ இதற்கு நேர் எதிரானது. கண்டவனுக்கு ஒன்றும் விளங்கக் கூடாது.

இந்த அரிச்சுவடியை இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மானியர் பலமுறை மறந்தார்கள். அவர்களுக்குப் பொருள் நயம் பார்த்துப் பெயர் வைப்பதில் ஆசை அதிகம். 1940ஆம் ஆண்டில், இரவு வேளையில் இங்கிலாந்தின்மேல் குண்டு வீச வரும் விமானங்களுக்கு வானொலிக் கதிர்களால் வழிகாட்டும் கருவிகளை அவர்கள் செய்தார்கள். அவற்றுள் ஒன்றைக் குறித்து 'வோட்டான்' என்ற பெயர் பிரிட்டிஷ் உளவுத்துறையினர் காதில் விழுந்தது. ஆர். வி. ஜோன்ஸ் என்ற இளம் விஞ்ஞானி, வயதில் அடியேனுக்கும் இளையவர், ஜெர்மன் மொழி அறிந்த நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து வோட்டான் யார் என்று கேட்டார். வோட்டான் பழைய ஜெர்மானியரின் தெய்வம் என்றும், அவனுக்கு ஒரே கண் என்றும் விடை வந்தது. ஒற்றைக் கண் என்றால் ஒற்றைக் கதிர்! இதுவரை இரண்டு, மூன்று கதிர்கள் வெட்டும் இடத்தைக் கொண்டு இலக்கை அறிந்தவர்கள், இப்போது ஒரே கதிரால் அறிய வழி கண்டுவிட்டார்கள் என்று ஜோன்ஸ் அனுமானித்தார். அனுமானம் சரியாகவே இருந்தது. ஆனால் பல கதிர்களைக் கொண்ட முந்திய கருவிக்கும் ஜெர்மானியர் அதே வோட்டான் பெயரை இட்டிருந்தார்கள் என்பது பின்னால் தெரியவந்தது. ஆகவே, அவர் சென்ற வழி தவறு, சேர்ந்த ஊர் சரி. நம்மில் பலர் பரீட்சையில் கணக்குப் போட்டதும் இவ்வாறுதானே!

ருஷ்யாவின்மீது படையெடுப்பதற்கு ஹிட்லர் வகுத்த திட்டத்துக்கு முதலில் 'பிரிட்ஸ்' என்றும் 'ஓட்டோ' என்றும் சாதாரண ஆட்பெயர்களே வழங்கின. 1940 டிசம்பர் 18ஆம் தேதிய கட்டளையில் அது 'பார்பரோசா' ஆயிற்று. பார்பரோசா என்றால் செந்தாடி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெடரிக் பேரரசனின் பட்டப்பெயர் அது. அவன் ஒரு மலைக்குகையில் உறங்குவதாகவும், நாட்டின் மேன்மையை மீட்க ஒருநாள் எழுந்து வருவான் என்றும் ஜெர்மனியில் கதை உண்டு. பெயர் வைத்தவர் அந்தக் கதையை நினைத்தார் போலும். உண்மை வரலாற்றில் அந்தப் பேரரசன் கிழக்கு நோக்கிப் படை நடத்திச் செல்கையில், 1190ஆம் ஆண்டில், ஓர் ஆற்றைக் கடக்கும்போது மூழ்கி இறந்தான். அவனுக்குப்பின் அவன் படையின் பெரும்பகுதி சிதறிப்போயிற்று. இதை நினைவூட்ட ஹிட்லரின் அவையில் எவருக்கும் துணிவு இருந்திராது.

பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் இந்த விஷயத்தில் கணக்கப்பிள்ளை மனப்பான்மை உடையவர்கள். அகராதியிலிருந்து ஆயிரக்கணக்கான சாதாரணச் சொற்களைப் பொறுக்கிப் பட்டியல் எழுதி, ஒவ்வொரு தலைமையகத்துக்கும் இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தார்கள். சொற்கள் எவ்வளவு சாதாரணம் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1944 மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும், நேசப்படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்கு முந்திய சில வாரங்களில், இலண்டன் 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டி விடைகளில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்ட், மல்பெரி, நெப்டியூன் என்ற சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் அந்தப் படையெடுப்பின் பரம இரகசியக் குறிச்சொற்கள்! புதிரைத் தொகுத்த லியனார்ட் டா என்ற பள்ளித் தலைமையாசிரியரை உளவுத்துறையார் வந்து குடைந்து எடுத்துவிட்டனர். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. கட்டங்களை நிரப்பச் சொற்கள் தரும்படி அவர் மாணவர்களைக் கேட்பது வழக்கம் என்றும், பிள்ளைகள் அக்கம்பக்கத்து முகாம்களில் சிப்பாய்கள் பேசக் கேட்ட சொற்களைப் பொருள் தெரியாமல் கொடுத்தார்கள் என்றும், நாற்பது ஆண்டு கழித்து அவருடைய பழைய மாணவர் ஒருவர் சொன்னார்.

இவ்வாறு குருட்டாம்போக்கில் சொல் எடுப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பட்டியலில் அடுத்து நிற்கும் சொல் எதுவோ அதுதான் கிடைக்கும். அது விளையாட்டுச் சொல்லாகவும் இருக்கலாம். அபசகுனச் சொல்லாகவும் இருக்கலாம். இதைக் கண்டு மனம் பொறாதவர் அந்நாளைய பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில். ருமேனியாவின் பிளோயெஷ்டி எண்ணெய் ஆலைகளைத் தாக்குவதற்கு 'சோப்பு நுரை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் ஆட்சேபித்த பிறகு அது 'ஓங்கலை' என்று மாற்றப்பட்டது. 1943 ஆகஸ்ட் முதல் தேதி நிகழ்ந்த அந்தத் தாக்குதலில் ஐம்பதுக்கு மேற்பட்ட விமானங்களும் முந்நூறுக்கு மேற்பட்ட வீரர்களும் அழிந்தனர். சோப்பு நுரை என்ற பெயரே நின்றிருந்தால், அந்த முந்நூறு வீட்டாரும் என்ன சொல்லி அழுதிருப்பார்கள்?

அதற்கு ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 8ஆம் தேதியன்று, சர்ச்சில் தம் படைத்துறைச் செயலாளர் இஸ்மேக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். பலர் உயிரை இழக்கக்கூடிய ஒரு காரியத்துக்கு வெற்றி முழக்கமான பெயரும் வேண்டாம், மனத்தைச் சோர்வடையச் செய்யும் பெயரும் வேண்டாம், அற்பமான பெயரும் வேண்டாம் என்பது அதன் சாரம். 'முயல் அணைப்பு' என்று பொருள்படும் ஒரு கூத்தாட்டப் பெயரை எடுத்துக்காட்டி, எந்தத் தாயும் எந்தக் கைம்பெண்ணும் தன் மகனோ கணவனோ இப்படியொரு பெயருள்ள காரியத்தில் மாண்டான் என்று சொல்லிக்கொள்ளும்படி விடக்கூடாது என்று எழுதினார். உலகில் பெயருக்கா பஞ்சம்? பழங்கால வீரர்கள், புராண பாத்திரங்கள், விண்மீன்கள், பெயர்பெற்ற பந்தயக் குதிரைகள் என்று அவரே பட்டியலும் தந்தார்.

சர்ச்சிலிடம் நமக்கு, அதாவது இந்தியருக்கு, எத்தனையோ கணக்குப் பாக்கி உண்டு. அந்தக் குறிப்பை அவர் எழுதிய அதே 1943இல் வங்காளத்தில் மக்கள் பஞ்சத்தால் மடிந்துகொண்டிருந்தனர். ஆயினும் ஒரு தாயின் வாயில் அந்தப் பெயர் எப்படி ஒலிக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்தாரே, அதை மறுப்பதற்கில்லை. இக்குறிப்பைப் பற்றி முதன்முதல் படித்த நாளில் எனக்கு என் அப்பத்தாவின் நினைவு வந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்தபின் பெயர்களின் வேலையே மாறிப்போயிற்று. முன்பு பகைவனிடமிருந்து மறைக்கப் பெயர் வைத்தார்கள். இப்போது சொந்த ஜனங்களிடம் காட்டுவதற்குப் பெயர் வைக்கலானார்கள். அமெரிக்கப் படைத்துறையில் ஒவ்வொரு தலைமையகத்துக்கும் இன்ன இன்ன எழுத்தில் தொடங்கும் சொல்தான் வைக்கலாம் என்று ஒதுக்கீடு உண்டு. 1983இல் கிரனடாத் தீவில் இறங்கியபோது 'அர்ஜெண்ட் ப்யூரி', அதாவது அவசரச் சீற்றம், என்று பெயர் வந்ததற்கு அந்த எழுத்து ஒதுக்கீடும் ஒரு காரணம். வேகன் எண் வரிசைபோல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று. எழுத்துத்தான் விதிப்படி, அந்த எழுத்துக்குள் எந்தச் சொல்லை எடுப்பது என்பது தளபதியின் விருப்பம்.

வியட்நாமில் 1966 ஜனவரியில் தொடங்கிய ஒரு தாக்குதலுக்கு 'மாஷர்' என்று பெயரிட்டார்கள். 'மசித்துக் கூழாக்குவது' என்று தமிழில் சொல்லலாம். பத்திரிகைகளில் அப்பெயர் வந்ததும் ஜனாதிபதி ஜான்சன் சினங்கொண்டார். உடனே 'வெண்சிறகு' என்று மாற்றினார்கள். பெயர்தான் மாறிற்று, குண்டு மாறவில்லை. அந்த மாவட்டத்துக் குடியானவனுக்கு முதல் வாரம் மத்து, மறு வாரம் சிறகு.

1989 டிசம்பரில் பனாமா நாட்டின்மேல் படை அனுப்பும் திட்டத்துக்குப் பட்டியல்படி வந்த பெயர் 'நீலக் கரண்டி'. புறப்படுவதற்கு முன்பு ஒரு தளபதி மற்றொருவரை அழைத்து, நீலக் கரண்டியில் சண்டையிட்டதாக நம் பேரப்பிள்ளைகள் சொல்லவேண்டுமா என்று கேட்டாராம். அது 'நேரிய நோக்கம்' என்று மாறிற்று. நம்மைக் கடுமையாகக் கண்டிப்பவனும் கண்டிக்கும்போது 'நேரிய நோக்கம்' என்றுதான் உச்சரித்தாக வேண்டும் என்று, கூட்டுப் படைத்தலைவராக இருந்த காலின் பவல் தம் நினைவுக் குறிப்பில் மகிழ்ந்து எழுதியிருக்கிறார். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. தாய்க்காக நினைத்த சர்ச்சில் எங்கே, எதிர்வாதம் செய்பவன் நாவைக் கட்டிப்போட நினைத்த இவர் எங்கே!

பெயரைக் காட்சிக்கு வைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள். எல்லோரும் பொருளும் சொல்வார்கள். 2001 செப்டம்பரில், ஆப்கானிஸ்தானத்துக்குப் படை அனுப்பத் தொடங்கிய அமெரிக்கா, 'எல்லையற்ற நீதி' என்று முதலில் பெயர் வைத்தது. எல்லையற்ற நீதி வழங்க இறைவன் ஒருவனாலன்றி ஆகாது என்று இஸ்லாமிய அறிஞர்கள் சொன்னார்கள். அம்மாத இறுதிக்குள் பெயர் மாறிற்று. இலங்கையில் 1997 மே மாதத்தில், வன்னியினூடே யாழ்ப்பாணச் சாலையைத் திறக்கப் புறப்பட்ட அரசுப் படை, 'ஜயசிக்குறு' என்று சிங்களத்தில் பெயரிட்டுக்கொண்டது. 'வெற்றி உறுதி' என்று பொருள். ஒன்றரை ஆண்டுக் காலம் இருதரப்பிலும் இளைஞர்கள் மாண்டபின், சாலை திறக்காமலே 1998 டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். வெற்றி முழக்கமான பெயர் வேண்டாம் என்று சர்ச்சில் சொன்னதன் பொருள் இப்போது விளங்கும்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1948 செப்டம்பரில் ஹைதராபாத்தில் நடந்தது 'போலோ'; அந்நகரத்தில் போலோ மைதானங்கள் மிகுதியாக இருந்தமையால் வந்த பெயர் என்பர். 1961இல் கோவாவை மீட்டது 'விஜய்'. 1999இல் கார்கிலில் நடந்ததும் 'விஜய்'தான். 1984 ஏப்ரலில் சியாச்சின் பனிமலைக்கு வீரர்களை விமானத்தில் கொண்டுபோய் இறக்கியதற்கு 'மேகதூத்' என்று பெயர். காதலியைப் பிரிந்த யட்சன் மேகத்தைத் தூதனுப்பும் காளிதாசன் காவியத்தின் பெயர் அது. மூச்சுவிடவும் காற்றில்லாத உயரத்தில், பனியில் விரல் கருகி உதிர நிற்கும் வீரனுக்கு, அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவர் யாரோ இரசிகர்.

ஆயுதங்களின் பெயரில் ஒரு சுவையான தவறு நேர்ந்தது. நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் தலைமையில் 1983இல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தில் பிருத்வி, அக்னி, ஆகாஷ், திரிசூல், நாக் என்று ஐந்து பெயர்கள். பிருத்வி என்றால் மண். அக்னி என்றால் நெருப்பு. ஆகாஷ் என்றால் விண். பஞ்சபூதங்களில் மூன்று வந்துவிட்டன. ஆனால் எல்லைக்கு அப்பால் இருந்தவர் சிலர் பிருத்வி என்பதைப் பிருத்விராஜன் என்று கொண்டார்கள். 1998 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் ஏவுகணையைச் சோதித்தபோது அதன் பெயர் 'கோரி'. 1192இல் தரைன் போர்க்களத்தில் பிருத்விராஜனை வென்ற கோரி முகம்மதுவின் பெயர் அது. அதற்குப்பின் கஜ்னவி, அப்தாலி, பாபர் என்று அந்த வரிசை நீண்டது. நாம் மண்ணென்று வைத்தோம். அவர்கள் மன்னனென்று கேட்டார்கள்.

2025 ஏப்ரல் 22ஆம் நாள், காஷ்மீரத்துப் பஹல்காமில் இருபத்தாறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மனைவியின் கண்ணெதிரே கணவர் சிலர் மாண்டனர். மே 7ஆம் நாள் நம் படை எடுத்த நடவடிக்கைக்குச் 'சிந்தூர்' என்று பெயர் அறிவித்தார்கள். வகிட்டுக் குங்குமம் சிந்திக்கிடக்கும் படத்தோடு அறிவிப்பு வந்தது. இங்கே வடக்கில் பெயரைக் கேட்டவுடன் பெண்களின் கண் கலங்கிற்று. அன்றிரவு ஊரிலிருந்து என் மாமியார் தொலைபேசியில், "மாப்பிள்ளை, சிந்தூர்னா அது எந்த ஊரு?" என்று கேட்டார். குற்றமில்லை. நமக்குத் தாலிதான் எல்லாம்; வகிட்டுக் குங்குமம் இரண்டாம் பட்சம். விளக்கிச் சொன்ன பிறகு அவரும் சற்றுநேரம் பேசாதிருந்தார். பெயர் ஒரு மொழியில் பிறக்கிறது. இத்தேசத்தில் அதைக் கேட்கும் காதுகளோ பல மொழிக்காதுகள்.

இனி, முன்னே சொல்லுவதாகச் சொன்ன விஷயம்.

1987 ஜூன் 4ஆம் தேதி, பெங்களூரிலிருந்து புறப்பட்ட ஐந்து இந்திய விமானங்கள் முற்றுகைக்குள்ளான யாழ்ப்பாணத்தின்மேல் ஏறத்தாழ 25 டன் உணவும் மருந்தும் போட்டன. அதற்கு வைத்த பெயர் தமிழ்ப் பெயர்: 'பூமாலை'. கேட்பவருக்கு விளங்கவேண்டும் என்றே தமிழில் வைத்தார்கள். நான்கு மாதம் கழித்து, அக்டோபரில், அமைதி காக்கப் போன இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் அதே யாழ்ப்பாணத்தில் போர் மூண்டது. இதற்கு வைத்த பெயர் இந்திப் பெயர்: 'பவன்'. காற்று என்று பொருள். படை 1990 மார்ச்சில் திரும்பிவருவதற்குள் இலங்கை மண்ணில் மாண்ட நம் வீரர் ஏறத்தாழ 1,200 பேர். மாண்ட யாழ்ப்பாணத்து மக்களோ அதனினும் மிகப் பலர். அவ்வூரார் அந்தக் காலத்தைப் பூமாலை என்றோ பவன் என்றோ சொல்வதில்லை. 'இந்தியன் ஆமி வந்த காலம்' என்கிறார்கள்.

அந்த 1,200 பேரில் என் சித்தப்பா ஒருவர். நான் பிறப்பதற்கு முன்பே போனவர், படத்தில் பார்த்ததுதான். மானாமதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் எங்கள் அப்பத்தா இருந்தாள். படைப்பிரிவிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை ஊர் வாத்தியார் படித்து, உன் மகன் 'ஆபரேஷன் பவன்'ல இறந்தான் ஆத்தா என்று சொல்லியிருக்கிறார். நான் பத்தாம் வகுப்பு எழுதிய கோடை விடுமுறையில் அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மடிப்பு நைந்துபோன அந்தக் காகிதத்தை என் கையில் தந்தாள்.

"ஏய்யா, நீதான் இங்கிலீசு படிச்சிருக்கியே. அந்தப் பவன் இன்னும் அங்கன இருக்குதான்னு இதுல எழுதியிருக்கா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெல்லக் கேட்டபின் புரிந்தது. மதுரைக்குப் போய்வந்தவளுக்குப் பவன் என்றால் ஹோட்டல். பெயர்ப்பலகை தொங்கும் பெரிய கட்டடம். சிலோனில் ஏதோ ஒரு பவனில் தன் மகன் செத்தான் என்று அவள் பதினெட்டு ஆண்டாக நம்பியிருந்தாள். யாரேனும் அந்தப் பக்கம் போனால் அந்தக் கட்டடத்தைப் பார்த்து வரச் சொல்லவேண்டும் என்பது அவள் எண்ணம்.

"அது கட்டடமில்லை அப்பத்தா. இந்தியிலே காற்று என்று அர்த்தம். சண்டைக்கு வைத்த பேர்" என்றேன்.

"காத்துக்கா?" என்றாள். பிறகு, "அப்ப எந்த ஊருல விழுந்தான்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தேதி இருந்தது. பட்டாளத்தின் பெயர் இருந்தது. பவன் இருந்தது. ஊர் இல்லை.

அந்த ஆண்டே என் தந்தையார் தேடிப்பிடித்து, சித்தப்பாவோடு ஒரே கம்பெனியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைச் சிவகங்கைப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். நானும் உடன் சென்றேன். அவர் நெடுநேரம் பேசாமலிருந்து, பிறகு ஊரின் பெயரைச் சொன்னார். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு செம்மண் பாதை என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பிவந்து அப்பத்தாவிடம் சொன்னோம். "உரும்பிராய்" என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நாக்கு எங்கும் இடறவில்லை.

"நம்ம பக்கத்து ஊருப் பேரு மாதிரியில்ல இருக்கு" என்றாள். காகிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, பெட்டிக்குள் வைத்தாள்.